பெங்களூருக்குப் போன மருதக்கட்டை

சாக்கில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய ஒரு மரக்கட்டை. ஒரு கை நீளம் இருக்கும், தொடைக் கனம். பேட்டையில் மர அறுவை மில் ஆள் அதைத் தோளில் தூக்கி வந்து என் கார் டிக்கியில் தொம்மென்று போட்டான். "பைய வையும் வே!" என்று அத்தான் பதறினார். அவர் எதற்கும் பதறி நான் பார்த்ததில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். பாளையங்கோட்டையில் வீடு. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திடீரென்று மரம் கடையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினார். பெங்களூருக்கு வெளியே ஒருவர் வார இறுதிகளில் கடைசல் வகுப்பு நடத்துகிறாராம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஒற்றை மகன் போனபிறகு மனுஷன் இப்போதுதான் ஒன்றின் மேல் ஆசை வைத்திருக்கிறார் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள். எனக்குத்தான் எரிச்சல், காரோட்டப் போகிறவன் நான். "தூத்துக்குடில பிளேன் ஏறினா தின்ன இட்லி செமிக்கதுக்குள்ள இறங்கிரலாம்லா அத்தான்" என்றேன். "மரம் நம்மதுதான் கொண்டு போவணும் மாப்ளே. பிளேன்ல அதை ஏத்த மாட்டான்" என்றார். மரத்துக்கா பெங்களூரில் பஞ்சம்? தேக்கு, வேம்பு, பலா என்று அவர்களே தருவார்கள் என்பதை விசாரித்துச் சொன்னேன். அம்பாசமுத்திரத்தில் இல்லாத கடைசலா என்றும் கேட்டுப் பார்த்தேன். "இங்கன வேண்டாம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

கோவில்பட்டி தாண்டும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். அவர் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தார். டீ குடிக்க நிறுத்திய இடத்தில், "அப்படி என்ன, சந்தன மரமா அது?" என்று கேட்டுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம பய மோதுன மரம்லே" என்றார்.

அக்கா மகனைச் சொல்கிறார். மருமகன் காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக் ஆழ்வார்திருநகரிச் சாலையோர மருதமரத்தில் மோதி, அங்கேயே போய்விட்டான். அடக்கத்தன்று அத்தான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்துக்கு அதே சாலையில், அதே மரத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய்வந்தார். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டியபோது லாரியின் பின்னாலேயே பேட்டைக்குப் போயிருக்கிறார். ரோட்டோர மரம், உள்ளே ஆணி கிடக்கும், வாள் உடைந்துவிடும் என்று மில்காரர் மறுத்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி பைக் மோதிய இடத்துக் கட்டையை மட்டும் அறுத்து வாங்கி, அங்கேயே ஒரு மூலையில் காயப் போட்டுவிட்டார். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. கிண்ணமோ சிலுவையோ கடைந்து வீட்டில் வைக்கப் போகிறார், என்றைக்காவது அது எந்த மரம் என்று அக்காவுக்குத் தெரிந்தால் அவள் என்ன ஆவாளோ என்ற பயத்திலேயே மீதித் தூரத்தை ஓட்டினேன்.

வகுப்பில் மற்றவர்கள் கிண்ணம் கடைந்தார்கள். முதல் நாள் அத்தான் அவர்களுடைய வேப்பங்கட்டையில் உளி பிடிக்கப் பழகினார். மறுநாள் சாக்கைப் பிரித்தார். கட்டை சுழன்றது, சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. உருளை நன்றாக வந்ததும் பயிற்சி தருபவர், "போதும் சார், அழகா இருக்கு" என்றார். அத்தான் நிறுத்தவில்லை. கட்டை கைக் கனம் ஆயிற்று, விரல் கனம் ஆயிற்று. "ஒடைஞ்சு மூஞ்சில அடிக்கும் சார், விடுங்க!" என்று அவர் கத்தினார். நான் அத்தானின் தோளைப் பிடித்தேன், உதறிவிட்டார். பென்சில் கனத்தில் அது படாரென்று முறிந்தது. நல்லவேளை, முகத்தில் படவில்லை. மிஞ்சிய துண்டுகளையும் அவர் விடவில்லை. மரம் தேய்க்கிற இயந்திரத்தில் ஒவ்வொன்றாக வைத்து, விரல் நுனி சிராய்த்து ரத்தம் வரும்வரை தேய்த்துத் தூளாக்கினார். எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குளிக்கக்கூடச் செய்யாமல் உடனே கிளம்பச் சொன்னார். சேலம் தாண்டியதும், "எரிச்சிருக்கலாம்லா அத்தான்" என்றேன். "எரிச்சா அது பாட்டுக்கு எரியும். எனக்கு அதுல என்ன வேலை இருக்கு?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரை வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

இப்போது அத்தானும் இல்லை. அந்தச் சாலையில் நானும் போய்வருகிறேன், மரம் நின்ற இடம் எதுவென்று அடையாளம் தெரியவில்லை. அன்று வீட்டு வாசலில் கார் நின்றதும் அக்கா ஆசையாக ஓடிவந்து, "என்ன செஞ்சு கொண்டாந்திய?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்யல" என்றார் அத்தான். அவர் தலையிலும் புருவத்திலும் படிந்திருந்த மரத்தூளை அக்கா முந்தானையால் பைய தட்டிவிட்டாள். "கண்ணு இப்படிச் செவந்து கெடக்கே. தூளு விழுந்துட்டோ?" என்றாள்.

"ஆமா" என்றார் அத்தான்.