கீழ் விளிம்பில் இரண்டு விரல் சேறு

ராஜஸ்தானில் பலோடிக்கு மேற்கே, முன்பு கம்பு விளைந்த மணலில் இப்போது கண்ணுக்கு எட்டியவரை சோலார் பேனல்கள்தான். அவற்றைக் கழுவும் பன்னிரண்டு பெண்களுக்கு சுவா தேவி தலைவி. விடிவதற்கு முன்பே தண்ணீர் டேங்கரோடு கிளம்பி, கண்ணாடி சூடேறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பானவள். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருடமே இரண்டு பேனல்களை உடைத்துத் தெரிந்துகொண்டாள்.

மழை ஓய்ந்தும் வெயில் தணியாத ஒரு நாள், சூப்பர்வைசர் ரேவந்த் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"சுவா பாயி, ஏழாவது பிளாக்ல மட்டும் கரண்ட் பத்து சதவீதம் கம்மி. உங்க ஆளுங்க துடைக்கிறாங்களா, இல்ல கதை பேசிட்டுத் திரும்பிடறாங்களா?"

ஏழாவது பிளாக் ஜம்குவின் பொறுப்பு. சுவாவின் கணவருக்குத் தங்கை அவள், வாய் ஓயாதவள். சுவா யோசிக்கவேயில்லை. எல்லோரும் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வாய் ஓடுறதுல பாதியாவது கை ஓட வேணாமா? சாப் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

"அண்ணி, ஒரு பேனல விட்டிருந்தாலும் என் கை அழுகிப் போகட்டும். முந்தாநேத்துதான் கழுவினேன்."

"கழுவின லட்சணம்தான் தாளுல தெரியுதே!"

ஜம்கு ரொட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முழுக்க அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதுதான் சுவாவை உறுத்தியது.

மறுநாள் விடியும்போது சுவா தனியாக அந்த பிளாக்குக்குப் போனாள். பேனல்களின் நடுப்பகுதி பளிச்சென்றிருந்தது. ஆனால் பக்கத்துக் குட்டையில் மழைத்தண்ணீர் இன்னும் வற்றாததால் அங்கே மட்டும் பனி அதிகம். அது, கழுவிய பிறகு கண்ணாடியில் படிந்த புழுதியை இரவில் வழித்துக்கொண்டு கீழே இறங்கி, சட்டத்தின் ஓரத்தில் தேங்கியிருந்தது. தடவிப் பார்த்தாள். இரண்டு விரல் அகலத்துக்குச் சேறு.

ரேவந்தைக் கூட்டிவந்து காட்டினாள். "இத்துனூண்டு சேறா சாப் அவ்வளவு கரண்ட முழுங்குது?"

"பேனல்ல கீழ் வரிசை செல்லு மறைஞ்சா, மேல இருக்கிற செல்லையும் சேத்துப் படுக்க வச்சிடும். நான்தான் வந்து பாத்திருக்கணும்" என்றார் அவர்.

பனி காய்வதற்குள் எல்லோருமாகத் துணியால் விளிம்புகளை வழித்தெடுத்தார்கள். டேங்கர் தேவைப்படவில்லை. மதியம் ஏழாவது பிளாக் மற்றவற்றுக்குச் சமமாக ஓடியது.

சாப்பாட்டு நேரத்தில் சுவா எழுந்து நின்றாள். "நேத்து எல்லார் முன்னாடியும் திட்டினேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என் மேல, ஜம்கு."

"சொன்னா ஆச்சா? ஒரு வாரம் என் வரிசையெல்லாம் நீங்கதான் துடைக்கணும்."

"துடைக்கிறேன்."

சொன்னபடியே துடைத்தாள். நான்காம் நாள் ஜம்குவே வந்து துணியைப் பிடுங்கிக்கொண்டாள். சும்மா நிற்க அவளால்தான் முடியவில்லை.