கூடுதலாய் ஒரு மணியோசை

குன்றின் உச்சியில் இருந்த நினைவு மணிக்கோபுரத்தைப் பார்த்துக்கொள்வது என் பெரியப்பாவின் வேலை. அந்தக் குன்றில் சாலை வெட்டியபோது மண் சரிந்து இறந்துபோன தொழிலாளர்களுக்காகக் கட்டியது அது. மேலே நின்றால் நகரம் முழுவதும் தெரியும். கடலைத் தாண்டி சிங்கப்பூர்க் கட்டடங்களும் தெரியும். கல்லில் இருபத்து மூன்று பெயர்கள். வருடத்தில் ஒரு நாள், பெயருக்கு ஒன்றாகப் பெரியப்பா மணி அடிப்பார்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பா முதல் முறையாக மாசாயில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து என்னை மோட்டார் சைக்கிளில் அங்கே அழைத்துப் போனார். அப்போது எதைக் கண்டாலும் எண்ணுவேன். படிகளை எண்ணினேன், போட்டிருந்த நாற்காலிகளை எண்ணினேன், மணியோசையையும் எண்ணினேன். இருபத்து நான்கு.

கூட்டம் தலைகுனிந்து நின்றது. "பெரியப்பா, ஒண்ணு கூடுதலா அடிச்சிட்டீங்க" என்றேன். தமிழில் சொன்னது போதாதென்று, பள்ளியில் படித்த மலாயிலும் சொன்னேன்.

நிகழ்ச்சியை நடத்த வந்திருந்த நகராட்சி அதிகாரி திரும்பி, உண்மையா என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை அவருடையது. அப்பாதான் சிரித்துக்கொண்டே, பிள்ளைக்கு இன்னும் சரியாக எண்ண வரவில்லை என்று மலாயில் சொன்னார். அதிகாரியும் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த நான் அழுதேன்.

இறங்கும் வழியில் அப்பா ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார்.

"நான் சரியாத்தான்பா எண்ணுனேன்."

"சரி லா. சாப்பிடு, கரையுது."

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு தங்கை இருந்திருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காததால் அடையாள அட்டை கிடைக்கவில்லை. அந்தச் சாலை வேலைக்கு நாள்கூலியாகப் போனார். மண்ணைத் தோண்டி அத்தையின் உடலை எடுத்தவர் பெரியப்பாதான். அப்படி ஓர் ஆள் தன்னிடம் வேலை செய்யவே இல்லை என்று குத்தகைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

நான் அழுததற்கு மறுவருடம், இது எதுவும் தெரியாமல்தான் மீண்டும் குன்றுக்குப் போனேன். பெரியப்பா இருபத்து நான்கு முறை அடித்தார். அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டு, இந்த வருடம் எத்தனை என்று சிரித்தபடி கேட்டார். இன்னொரு முறை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் விரும்பவில்லை.

"இருபத்து மூணு" என்றேன்.

அதிகாரி கைதட்டினார். பெரியப்பா கயிற்றை விட்டுவிட்டு வந்து, ஒன்பது வயதுப் பிள்ளை என்றும் பாராமல் என்னைத் தூக்கிக்கொண்டார். பயத்தில் சொன்ன பொய்க்கு எதற்கு இந்த இறுக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டைப் பொத்தான் கன்னத்தில் குத்துகிறது, இறக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.