அறுக்காமல் நின்ற ஆராய்ச்சி நெல்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மிராசுதார் வயலில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு வாங்கிப் புது நெல் ரகம் நட்டுப் பார்த்த ஆராய்ச்சிக்காரர் அவர். ஒல்லியான உடம்பு. பேனா செருகும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நெற்கதிர் இருக்கும்.

கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுப்பை நிறுத்தியிருந்த சமயம். அறுப்புப் பெண்களிடம் நான் சொன்னதுதான் சொல் என்பதால் என்னிடம் வந்தார்.

"என் துண்டை மட்டும் விடுங்கம்மா. இந்த விளைச்சலை வச்சுத்தான் கட்டுரை எழுதணும். வெளிநாட்டுல இன்னொருத்தரும் இதையே செய்யறாரு, முந்திடுவாரு."

"கூலி முடிவாகாம அருவா எறங்காது சார்."

"அருவா வேண்டாம், கையால கிள்ளிக்கிறேன்."

"கிள்ளுறதுக்கு இது என்ன கீரையா? கிள்ளுனாலும் அறுப்புதான்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவர் வற்புறுத்தவில்லை, போலீஸையும் அழைக்கவில்லை.

மழை பிடித்தது. கதிரெல்லாம் வயலிலேயே முளைவிட்டன. கூலி கூடிய பிறகு வந்து பார்த்தார்.

"இவ்வளவு வெளஞ்சதுன்னு ஒரு மதிப்பா எழுதிடுங்களேன் சார், யாரு வந்து பாக்கப்போறா?" என்றேன்.

"இல்லாத விளைச்சலை எழுதினா, அதை நம்பி நாலு பேரு நட்டுடுவாங்கம்மா. அந்த வெளிநாட்டுக்காரரே முந்தட்டும்."

கூலிக்காக நின்றதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அவர் வரப்பேறிப் போனதுதான் இன்னும் விளங்கவில்லை.