ரெனாட்டோவுக்கு உடுப்பு எடுத்துக் குடுத்த காலம்

உதைபந்துக் கழகத்தில என்னைப்போல உடுப்புக்குப் பொறுப்பாயிருக்கிறவன் ஆட்டத்தின்ர கடைசிப் பகுதியைப் பாக்கிறதில்லை. அந்த நேரம் துவாய் அடுக்கிக்கொண்டிருப்பான். சனம் கத்துற சத்தத்தை வைச்சுத்தான் வெற்றியோ தோல்வியோ எண்டு ஊகிக்கிறது. சமையலறையில நிண்டே கலியாணவீடு முழுக்கப் பாத்தவைக்கு இது விளங்கும்.

டென்மார்க்கில, இக்காஸ்ட் எண்ட ஊரில இருந்து நான் வேலைக்குப் போய்வாற சின்னக் கழகத்துக்கு, ரெனாட்டோ எண்ட இத்தாலிக்காரன் முதல்ல முன்கள வீரனா வந்தவன். பிறகு பயிற்சியாளர் ஆனவன்.

முதல் நாள்

மாசி மாதம், உறைபனிக் குளிர். டெனிஷ் பெடியள் கட்டைக் காற்சட்டையோட ஓட, ரெனாட்டோ உள்ளுக்குப் போட நீளக் காற்சட்டை, கையுறை, கழுத்துத்துணி எல்லாம் கேட்டான். ரெண்டு பேருக்கும் ஓட்டை டெனிஷ்தான். எந்த நாடெண்டு கேட்டான். இலங்கை எண்டன்.

"அப்ப நீயாவது என்னைப் பாத்துச் சிரிக்காதை," எண்டான்.

பழைய இடம்

முழங்கால் பழுதாகி விளையாட்டை விட்ட பிறகு அவனையே பயிற்சியாளராக்கினவை. பயிற்சியாளரா வந்த முதல் நாள் காலமை உடுப்பு மாத்திற அறைக்குள்ள வந்து, பழக்கத்தில தன்ர பழைய இடத்தில இருந்திட்டான். பகிடி விட்டுக்கொண்டிருந்த பெடியள் கதையை நிப்பாட்டிச் சப்பாத்துக்கயிறு கட்டத் தொடங்கிச்சினம். கொஞ்சநேரம் பாத்திட்டு எழும்பி வெளியில வந்தான்.

என்னோட வேலை செய்யிற பியா மெல்லமாக் கேட்டாள்: "அந்தாளுக்கு இப்ப தனி அறை இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

லார்ஸ்

லார்ஸ் ரெனாட்டோவோட சேர்ந்து முன்வரிசையில விளையாடினவன். ரெண்டு குடும்பமும் விடுமுறைக்கு ஒண்டாப் போறவை. ஒருக்கா அணியில லார்ஸின்ர பேரை ரெனாட்டோ போடேல்லை. அதை எல்லாருக்கும் முன்னால சொல்ல விரும்பாமல், அவனை நான் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ள கூட்டிவந்து சொன்னான். ரெண்டு பேரும் கதவடியில நிண்டதால எனக்கு வெளியில போகவும் ஏலாது. மெசின் சுத்துறதைப் பாத்துக்கொண்டு நிண்டன். லார்ஸ் சத்தம் போடேல்லை.

"நேற்று நீ என்ர பிள்ளையளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுக்கேக்கயே எனக்குத் தெரியும்," எண்டான்.

ஜாக்கெட்

லார்ஸ் இல்லாமலும் வெல்லேல்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினம். ரெனாட்டோவை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். பயிற்சியாளர் ஜாக்கெட்டை மடிச்சுக் கொண்டுவந்து என்ர மேசையில வைச்சான். நீயே வைச்சிரு, ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டன். வேண்டாமெண்டு தலையாட்டினான்.

"அடுத்து வாறவன் ஆள் கட்டையெண்டால் கையை மடிச்சுத் தை, வெட்டிப்போடாதை; அவனுக்குப் பிறகு ஒரு நெடுவல் வருவான்," எண்டான்.

புதுசா வந்தவனுக்கு ஜாக்கெட் அளவாத்தான் இருந்தது, எங்கட ஆட்டந்தான் இன்னும் அளவுக்கு வரேல்லை.