நின்று நின்று ஓடிய வீடியோ

என் ஐந்து மாதப் பையனுக்குத் தூங்கி எழுந்ததும் உடம்பைத் தூக்கிப்போடும். இரண்டு கையும் விரியும், தலை முன்னால் சாயும். அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல் என்னைப் பார்ப்பான். முக்கூடலில் என் புகுந்த வீட்டில் அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

"நரி வெரட்டுது, பயந்து முழிக்கான். எல்லாப் புள்ளைக்கும் உள்ளதுதான்" என்றார் அத்தை. கனவில் நரி விரட்டுவது தூக்கத்தில்தானே, இவனுக்கு முழித்த பிறகல்லவா வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். துபாயிலிருந்து பேசிய கணவர், "அப்பா ஒரு தடவ பாக்கட்டும். பெறவு டாக்டர்ட்ட போலாம்" என்றார்.

மாமா பார்ப்பதற்காகவே செல்போனில் வீடியோ எடுத்தேன். அன்றைக்கே போன் துணி அலசும் வாளிக்குள் விழுந்து அணைந்துவிட்டது. மெமரி கார்டு மட்டும் தப்பியது. அத்தையிடமும் மாமாவிடமும் இருப்பவை பட்டன் போன்கள்.

"கார்டுதான? நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்போம்" என்றார் மாமா. வேலையில் இருந்த காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துண்டை எடுத்தார்.

பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி துளைகள். ஒன்றில் பிரிண்டர். மற்றதில், மெமரி கார்டைப் பொருத்திய கார்டு ரீடரைச் செருகினேன். இதைவிட வேகமான துளையில் செருகினால் நன்றாக வேலை செய்யும் என்று திரையின் மூலையில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பெட்டியில் வேகமான துளையே கிடையாது. வீடியோவை உள்ளே காப்பி செய்யலாம் என்றால் டிஸ்கில் இடமில்லை. மாமாவின் ஃபைல்களில் எதையாவது அழிக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கார்டில் இருந்தபடியே ஓடவிட்டேன்.

ஓடியது. நின்றது, தாவியது, மறுபடி நின்றது. அவன் கண் திறந்ததும் அப்படித்தான், கொட்டாவி விட்டதும் அப்படித்தான். பின்னால் கொடியில் கிடந்த சேலைகூடத் தாவித் தாவித்தான் ஆடியது. நான் காட்ட நினைத்தது இதில் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

"படந்தான் துள்ளுது. புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்றார் அத்தை. "நீ போன்ல எதையாவது படிச்சிட்டு சும்மா பயப்படுத."

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலம்மா" என்றார் மாமா.

ஒருவேளை அத்தை சொல்வதுதான் சரியோ. படம் எடுக்கும்போது என் கைதான் நடுங்கியதோ.

தொட்டிலில் பையன் முழித்துக்கொண்டு சிணுங்கினான். தூக்கி மாமாவின் மடியில் வைத்தேன். "கொஞ்ச நேரம் இப்படியே வச்சிருங்க மாமா."

அவர் பேரனின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பையன் விரலைச் சப்பினான், மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வேண்டுகிற காரியமா இது என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

வந்தது. மாமாவின் கைக்குள்ளேயே அவன் சுருங்கி விரிந்தான். மாமா கையை எடுக்கவில்லை. உடனே இன்னொன்று வந்தது.

"ஆட்டோவ வரச் சொல்லு" என்றார் அத்தையிடம். "திருநவேலி டாக்டர்ட்ட போணும்."

அத்தை செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். டாக்டரிடம் காட்ட மெமரி கார்டை உருவி எடுத்துக்கொண்டேன்.