கழுத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள்

புனேயில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்துகிறேன். நம் பாலியல் நலத்தை ஊரும் உறவும் எப்படியெல்லாம் ஆட்டிவைக்கின்றன என்ற பாடம் என் தலையில் விழுந்தது. வேறு யாரும் தொடவில்லை, அதனால் விழுந்தது. கால அட்டவணையில் அதற்கு 'குடும்ப நலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். "பேரண்ட்ஸ் எல்லாம் வந்துபோற இடம், மேடம்" என்றார். பிள்ளை டாக்டராக வேண்டும், ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரிந்துவிடக் கூடாது.

மாணவர்கள் கெட்டிக்காரர்கள். கூச்சமும் வறுமையும் அக்கம்பக்கத்தார் பேச்சும் நோயாளியின் வாயை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்ததும் எல்லாம் காற்றில் போய்விடும். ஒரு பெண் உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள். இந்த ஊர் மங்களசூத்திரத்தில் கருமணி கோத்திருக்கும், தூரத்திலேயே தெரியும். அது இருந்தால் மாதவிலக்கு, உறவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்பது வரை கேள்விகள் சரளமாக வரும். இல்லாவிட்டால் வயிற்றுவலி வெறும் வயிற்றுவலிதான். ஸ்டெதாஸ்கோப்பைவிடக் கருமணியைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

நான் இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். விரலில் மோதிரம், வீட்டில் குறட்டை விடும் கணவர். கழுத்தில் மணி இல்லை. கல்யாணமாகாத மேடம் இதையெல்லாம் எப்படிக் கூசாமல் நடத்துகிறார் என்று பின்வரிசையில் வியந்தார்களாம். எரிச்சல் தாங்காமல் ஒரு வகுப்பு முழுவதும் இதையே பேசினேன். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் நோய் எப்படி முற்றிப்போகும் என்று விளக்கினேன். பயங்கரக் கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, நான் மாணவர்களோடு புறநோயாளிகள் பிரிவில் இருந்தபோது, விமான் நகர் ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. காய்ச்சல், அடிவயிற்றில் வலி. கழுத்தில் பளபளவென்று கருமணி. என் மாணவனுக்கு முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் கேட்டான், அவளும் பட்பட்டென்று பதில் சொன்னாள். பரிசோதித்த மகப்பேறு டாக்டரம்மா, கருப்பையைத் தாண்டி மேலே தொற்று ஏறியிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் பின்னாளில் கரு தங்குவதே கஷ்டமாகிவிடும் என்றார். துணைவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்தால்தான் திரும்ப வராது.

"நாளைக்கு ஹஸ்பெண்டைக் கூட்டிட்டு வாங்க" என்றான் மாணவன். அதுவரை பேசியவள் பையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு, "என்னம்மா, அவர் ஊர்ல இல்லையா?" என்று தமிழில் கேட்டேன். தமிழைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"ஹஸ்பெண்டெல்லாம் இல்லைங்க மேடம். கூட வேலை பாக்கறவருங்க. கூப்பிட்டா வருவாருங்க." மணியைத் தொட்டுக் காட்டினாள். "இது நேத்து ரோட்டுக் கடையில வாங்குனதுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அவரை வரச் சொல்லு. இங்க யாரும் கல்யாணப் பத்திரிகை கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு எதுக்கும்மா இந்த வேஷம்? நம்ம பசங்க இப்பல்லாம் கழுத்தைப் பாத்து வைத்தியம் பண்றதில்லை. நானே சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றேன். குரலில் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போன மாசம் இது இல்லாமத்தானுங்க வந்தேன், இதே ரூமுக்கு. வயித்துல கேஸ் ட்ரபிள்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."