மஞ்சள் தடவிய இலக்கு

ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது. ஒரு பொருளைப் பற்றி இணையத்தில் எழுதி, அதை வாங்குவதற்கான லிங்க்கைக் கீழே போட வேண்டும். அதன் வழியாக யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன். இதைத்தான் கற்றுத்தருகிறேன். முதல் வகுப்பில் மாத இலக்கை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். இரண்டாம் வகுப்பு முழுவதும் எழுதியதைக் குறைக்கச் சொல்லியே தொண்டை வற்றிப்போகும். எல்லோரும் லட்சத்தில்தான் தொடங்குவார்கள். சலித்துவிட்டது எனக்கு.

"லட்சம் உங்க கையில இல்ல. வாரத்துக்கு ஒரு பொருள், அதுவும் நீங்க யூஸ் பண்ணுனது. அதப் பத்தி ஒழுங்கா எழுதுங்க. மொத ஆறு மாசத்துக்கு அதுதான் இலக்கு. லிங்க்கக் கொண்டுபோயி சொந்தக்காரங்க குரூப்புல போடாதீங்க. சித்தி வாங்குனா அது வியாபாரம் இல்ல, மொய்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

போன மாதம் ஒரு பெண் சேர்ந்தார். உழவர்கரையில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றவர், தன் இலக்குத் தாளை எடுத்து நீட்டினார். லட்சம்தான். தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள்.

"குறைச்சு எழுதுங்கம்மா" என்றேன்.

"சாமிகிட்ட வச்சு எடுத்துட்டேன்கா. மஞ்ச தடவுனத எப்புடி அடிக்கிறது?"

கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல இதற்கும் தடவியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். சிரிப்பு போய்விட்டது. ராஜினாமாக் கடிதம். அதிலும் மஞ்சள்.

"நாளைக்குக் காலைல குடுத்துடப் போறேன். நீங்க ஒரு மாசக் கமிஷனக் காட்டுனீங்களே, அதுல பாதி வந்தாக்கூடப் போதும் எனக்கு."

நான் காட்டியது ஒரு தீபாவளி மாதம். எனக்கு நன்றாக ஓடிய ஒரே மாதம். ஒவ்வொரு புது வகுப்புக்கும் அதைத்தான் திரையில் போடுகிறேன். இலக்கைக் குறையுங்கள் என்று வாய் சொல்லும். பின்னால் திரை வேறு சொல்லும். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

போனைத் திறந்து என் கடைசி மாதக் கமிஷனைக் காட்டினேன். அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க வீட்டு கரண்ட் பில்லுக்கே காணாதேக்கா. அப்ப நீங்க எதுல குடும்பம் நடத்துறீங்க?"

"உங்கள மாதிரி ஆளுங்க இந்த வகுப்புக்குக் கட்டுறதுலதான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால்கூடத் தேவலை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கிழிக்க மனசு வரல. சாமி படத்துக்குப் பின்னாடி கெடக்கட்டும். நாளைக்கு டூட்டிக்குப் போறேன்." படி வரை போனவர் நின்றார். "நீங்க முன்ன என்ன வேல பாத்தீங்க?"

"ஸ்கூல்ல கணக்கு டீச்சர்."

"அத நீங்க விட்டிருக்க வேணாம்கா" என்றார், சாதாரணமாக. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எட்டு வருடமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் காதிலும் விழாமல்.